அப்பாவின் நாவல் இங்கிலீஷுக்குப் போனபோது

ஏஜென்சியிலிருந்து அந்தப் பெண் போன் செய்தபோது, அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் நெசவு நூல் கடையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். அவர் சென்னையில் இருக்கிறார். தமிழ்ப் புத்தகங்களை வேற்று மொழிப் பதிப்பகங்களுக்கும் படக் கம்பெனிகளுக்கும் காட்டி, உரிமையை விற்றுத் தருவது அவர்களுடைய வேலை. அப்பா இறந்தபின் அவருடைய புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அதனால் ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் "இன்னும் பதில் வரலைங்க" என்றுதான் சொல்வார். அன்று குரலே வேறாக இருந்தது.

"மூணாவது நாவலை டெல்லியில ஒரு பதிப்பகம் எடுத்துக்கிறாங்க. இங்கிலீஷ் உரிமை. கடைசி அத்தியாயத்தைப் படிச்சிட்டு அந்த எடிட்டரால வேற எதையும் கையில எடுக்க முடியலையாம். இன்னொண்ணு, ஒரு படக் கம்பெனி சினிமா உரிமையும் கேட்குது. அவங்களுக்கும் அந்தக் கிணத்துக் காட்சிதான் வேணும்."

பிசைந்த சோற்றை டப்பாவிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். அப்பா இருந்தவரை அந்த நாவல் எங்கள் ஊர் நூலகத்தில்கூட யாரும் எடுக்காமல் கிடந்தது.

"ஒப்பந்தத்துல வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடணும். நீங்க, அண்ணன். வேற யாரும் இல்லையே?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அண்ணன்ட்ட பேசிட்டுச் சொல்றேங்க."

"சீக்கிரம் சொல்லுங்க. புத்தகச் சந்தைக்கு முன்னாடி நாங்க வித்த உரிமைகளோட பட்டியலை வெளியிடுவோம். அதுல அப்பா பேரு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை."

வேறு யாரும் இல்லாமல் இல்லை. எங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். வீரசோழனில் இருந்தாள்.

அப்பா திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பருத்தியும் கொத்தமல்லியும் மிளகாயும் போட்ட விவசாயி. கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. மழை தவறிய வருடங்களில் அவருக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அப்போது எழுதுவார். மூன்று நாவல்கள் வந்தன. மதுரையில் ஒரு சின்ன அச்சகக்காரர் போட்டுக்கொடுத்தார். முதல் இரண்டும் காட்டையும் மழையையும் பற்றியவை. மூன்றாவதை அக்கா வீட்டைவிட்டுப் போன பிறகு எழுதினார்.

எங்கள் களத்துக்கு மல்லியும் மிளகாய் வத்தலும் வாங்க வந்துபோன வீரசோழன் வியாபாரி ஒருவரைத்தான் அக்கா கல்யாணம் செய்துகொண்டாள். அவர் முஸ்லிம். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்து, அக்கா மார்க்கம் மாறிப் பேரும் மாற்றிக்கொண்டாள் என்ற செய்தி ஒரு சாயங்காலம் வந்தது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தாள். அண்ணன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அப்பா வாசலை மறித்து நின்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதன்பின் அக்காவின் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அப்பா மறுபடி எழுத ஆரம்பித்தார். கையெழுத்து கிறுக்கலாக இருக்கும் என்பதால் அச்சுக்குக் கொடுக்கும் முன் நான்தான் சுத்தமாக நகல் எடுப்பேன். அந்த நாவலில் ஒரு பருத்திக்காரரின் மகள் மனதுக்குப் பிடித்தவனோடு போக நினைக்கிறாள். போக முடியாமல் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். அப்பன்காரன் தானே கயிறு கட்டி இறங்கி அவளைத் தூக்கி வருகிறான். கடைசி அத்தியாயம் முழுவதும் அந்த இறக்கமும் ஏற்றமும்தான். அதை நகல் எடுக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. அக்கா போனதால் எனக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவள்மேல் எனக்கும் ஆத்திரம் இருந்தது.

புத்தகம் வந்ததும் சொந்தக்காரர்களுக்கு விஷயம் போனது. யாரும் படிக்கவில்லை. ஆனால் அப்பா மகள் செத்துவிட்டதாக எழுதிவிட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க ஊருக்குப் போனேன். களத்தில் காய்ந்த வத்தலைப் பலகையால் புரட்டிக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் என்றதும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சினிமா என்றதும் பலகையைக் கீழே போட்டான்.

"அப்பா பேரு திரையில வருமா?"

"வரும்ணே. கதைன்னு போட்டு வரும்."

"அருப்புக்கோட்டை தியேட்டர்ல ஓடுமா?"

"ஓடலாம்."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அப்பாவை ஊரில் சிலர் பிழைக்கத் தெரியாத கிறுக்கன் என்று பேசியதை அவன் மறக்கவே இல்லை. "எங்க போடணும் கையெழுத்த?" என்று கையை வேட்டியில் துடைத்தான்.

"அக்காவும் போடணும்ணே."

அவன் குனிந்து பலகையை எடுத்தான். கொஞ்ச நேரம் புரட்டினான்.

"நமக்கு ஏது அக்கா?"

"சட்டப்படி அவளும் வாரிசு. அவ பின்னாடி ஏதாச்சும் கேட்டா எல்லாம் ரத்தாயிரும். ஏஜென்சிக்காரவுக நாளைக்கு நம்மளத்தான் கேப்பாக."

"அப்பாவே அவ செத்துட்டான்னு எழுதிட்டாருல்ல. அச்சுல இருக்கு. அதுக்கு மேல என்ன சட்டம்?"

"அது கதைண்ணே."

"ஊருக்குக் கதை. எனக்கு இல்ல." நெடி ஏறி இருமினான். "ரெண்டு பேருன்னு எழுதிக் குடு. அவ பேரு இருக்குற தாள்ல நான் கை வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

திரும்பும்போது பஸ்ஸில் ஏஜென்சிப் பெண்ணின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. இரண்டு பேர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் என்னை நம்புகிறவர், மேற்கொண்டு கேட்க மாட்டார். வழி முழுக்க அந்த வார்த்தை என் வாயிலேயே இருந்தது. நாங்கள் குடியிருக்கும் பாலவனத்தத்தில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "கேட்டுட்டு வேணாம்னு சொன்னா அது வேற. கேக்காமலே செஞ்சா பின்னாடி உனக்குத் தூக்கம் வராது. போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திருச்சுழி, நரிக்குடி வழியாக வீரசோழன் பஸ். வழியெல்லாம் வேலிக்கருவை; கண்மாய்களில் தண்ணீர் இல்லை, ஆடுகள்தான் நின்றன. ஒப்பந்தத்தின் தாள்களும், ஏஜென்சி பதிப்பகங்களுக்கு அனுப்பும் இங்கிலீஷ் குறிப்பு ஒன்றும் பையில் இருந்தன. அந்தக் குறிப்பை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. என் இங்கிலீஷ் கணக்குப் புத்தகத்தோடு சரி. அக்காவின் கைபேசி எண்ணை மல்லி மண்டியில் விசாரித்து வாங்கியிருந்தேன். முதல் நாள் பேசியபோது, "வாரேன்" என்று நான் சொன்னதும், "வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ் நின்ற இடத்தில் அவளுடைய வீட்டுக்காரர் நின்றிருந்தார். தாடி நரைத்திருந்தது. அக்கா புருஷனை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. "வாங்கம்மா, வெயிலு" என்று பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் என்னை உட்காரவைத்துவிட்டு, "நீங்க பேசுங்க, நான் கடையில இருக்கேன்" என்று போய்விட்டார்.

அக்கா பருத்திருந்தாள். தலையில் முக்காடு. நடை அப்பாவின் நடை. எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவனுக்குச் சர்க்கரை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு, "சும்மா வந்திருக்க மாட்ட, சொல்லு" என்றாள்.

சொன்னேன். நாவலின் பேரைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அதை நான் படிச்சுட்டேன்."

"எப்ப?"

"வந்த வருசமே. அருப்புக்கோட்டைக்கு ஆசுபத்திரிக்கு வந்தப்ப பஸ் ஸ்டாண்டுக் கடையில கெடந்துச்சு. அப்பா பேரப் பாத்து ஆசையா வாங்குனேன். மடியில புள்ளையப் போட்டுக்கிட்டு, நான் செத்துக் கெடக்குறதப் படிச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னை வையிறாருன்னா கூடப் பரவால்ல. அந்தப் புள்ளையத் தூக்கிட்டு வாரப்ப அவரு அழுறாரு. எழுத்துல தெரியுது. உசுரோட இருபது மைலு தூரத்துல இருக்குறவள ஒரு நட வந்து பாக்காம, கிணத்துக்குள்ள எறங்கி ஏன் அழணும்? எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல." பிறகு கேட்டாள், "நீதான நகல் எடுத்த?"

"ஆமா."

"ஒரு வார்த்தை கேக்கலையா அவர்ட்ட?"

அதுவரை அடக்கிக்கொண்டிருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "என்னத்தக் கேக்க? நீ போயிட்ட. வாரவன் போறவன் எல்லாம் மூத்தவ கதையக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போனான். வீட்டுல ரெண்டு ஆம்பளைகளும் பேச மாட்டாக. நான் ஒருத்தியா சோறு பொங்கிப் போட்டுக்கிட்டு, அவரு எழுதுனதையும் எழுதிக்கிட்டுக் கெடந்தேன். உனக்கு ஒரு புத்தகம். எனக்கு அந்த வீடு."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள், பிறகு போய்விட்டார்கள்.

"விக்க வேணாம்" என்றாள் கடைசியில். "தமிழ்ல யாரும் படிக்கல, போச்சு. இங்கிலீஷ்ல வந்தா எம் மக படிப்பா. மதுரையில காலேஜுல அவ அதத்தான் படிக்கிறா. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. தாத்தா எழுத்தாளருன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்."

அவள் சொல்லி முடிக்கும்போது அவள் மகள் உள்ளறைக் கதவில் நின்றிருந்தாள். சனிக்கிழமை, வீட்டுக்கு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்றும் தெரியாது.

"இவுக ஒன் சித்தி" என்றாள் அக்கா.

"தெரியும்மா. சித்தியக் கூப்பிடப் போறப்பவே அத்தா சொன்னாக." வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மேசைமேல் எடுத்து வைத்திருந்த தாள்களை எடுத்தாள். அக்கா கையை நீட்டினாள், பிடுங்கவில்லை. அந்தப் பெண் ஏஜென்சியின் குறிப்பைப் படித்தாள். படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது.

"சித்தி, இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா?"

"நாவலைப் பத்தி."

"எழுத்தாளர் தன் சொந்த மகளைச் சாவுக்குப் பறிகொடுத்த துக்கத்துல எழுதுனதுன்னு போட்டிருக்கு." தாளை மடியில் வைத்தாள். "தாத்தாவுக்கு வேற மக இருந்தாகளா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு தெரிந்தது. முதன்முதலில் அந்த ஏஜென்சிப் பெண் நாவல் எழுதப்பட்ட சூழலைக் கேட்டபோது, "அக்கா போனதுக்கப்புறம் எழுதுனதுங்க, அப்பா ரொம்ப ஒடிஞ்சு போயிட்டாரு" என்று சொல்லியிருந்தேன். போனது என்றால் அவர் செத்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். டெல்லிக்காரரும் படக் கம்பெனியும் அதைப் படித்துத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அக்கா எழுந்து நின்றாள். "இதையும் எழுதியாச்சா?"

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் அப்படிச் சொல்லல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள், நான் இருக்கும்போதே, எதையும் மறைக்காமல். கல்யாணம், அரிவாள், நாவல், கிணறு. கடைசியில் அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தாத்தா இதை எழுதுறப்ப நான் பொறந்துட்டேனா?"

"பொறந்துட்ட."

"அது அவருக்குத் தெரியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "தெரியும்" என்றேன். மல்லி மண்டியில் யாரோ வந்து சொன்னார்கள். பெண் பிள்ளை என்றும் சொன்னார்கள். அன்று அப்பா சாப்பிடாமல் காட்டுக்குப் போய்விட்டார். அதையும் சொன்னேன்.

அதே நேரத்தில் என் போன் அடித்தது. ஏஜென்சி. எடுக்காமல் இருக்கத்தான் நினைத்தேன். "எடு" என்றாள் அக்கா. "எனக்கும் கேக்குற மாதிரி வையி."

"மேடம், ரெண்டு நாளா கூப்பிடுறேன்" என்றார் அவர். "டெல்லியில அவசரப்படுறாங்க. படக் கம்பெனியும் முடிவு கேட்குது. கையெழுத்து ரெண்டு பேர்தானே? நான் தாளை இறுதி பண்ணிடவா?"

"இல்லைங்க, மூணு பேரு" என்றேன்.

"மூணாவது யாரு?"

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நான்தாங்க. செத்துப்போனதா எழுதியிருக்கீகள்ல, அந்த மக. உசுரோடதான் இருக்கேன்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். பிறகு அவர் குரல் மிக மெதுவாக வந்தது. "அம்மா, மன்னிச்சிடுங்க. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். தப்பு முழுக்க என்னோடதுதான்." டெல்லிக்கும் படக் கம்பெனிக்கும் உண்மையை எழுதிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். அவர்கள் இனி வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம், அதற்கும் தயாராக இருங்கள் என்றும் சொன்னார்.

போனை வைத்தபின் அக்கா மகள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு அவள் அம்மாவிடம் சொன்னாள், "தமிழ்ல இருக்கு, இங்கிலீஷ்ல வராட்டியும் அது இருக்கத்தான செய்யுது. நான் முதல்ல படிக்கணும். புத்தகத்த எடுத்துக் குடுங்க."

அக்கா பீரோவைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் இருந்தது. மகளிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அன்று கையெழுத்து ஆகவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து நின்றார். சாப்பிட்டேன். கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் ஏறினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசமானவை. டெல்லியிலிருந்து பதிலே இல்லை. படக் கம்பெனி மட்டும் உடனே பதில் எழுதியது. உண்மைச் சம்பவம் என்று சொல்லித்தான் படத்தை எடுக்க நினைத்தோம், இப்போது அப்படிச் சொல்ல முடியாது, ஆகவே இப்போதைக்கு வேண்டாம். ஏஜென்சிப் பெண் அதைப் படித்துக் காட்டியபோது, அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனைதான் எனக்கு ஓடியது. போனில் சொல்ல மனம் வரவில்லை. ஒரு சாயங்காலம் ஊருக்குப் போனேன். அவன் வீட்டு முன்னால் சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தான். நடந்ததை எல்லாம் சொன்னேன், வீரசோழனுக்குப் போனது உட்பட.

கோணூசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தான். "ஆக, அவ வாயத் தொறந்தா, படம் போச்சு."

"அவ பொய்யா சொன்னா? உசுரோட இருக்கேன்னா."

"செத்தவளாவே இருந்திருக்கலாம்ல" என்றான்.

மதினி உள்ளிருந்து வெளியே வந்து அவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சொன்ன வார்த்தை அவனுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். மறுபடி ஊசியை எடுத்தான், கோர்க்க முடியவில்லை. சணல் ஊசிக் கண்ணுக்குள் போகவே இல்லை. மதினி வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசி அத்தியாயத்த நீ படிச்சிருக்கியா?"

"எல்லாரும்தான் சொன்னாகளே."

"நீ படிச்சியான்னு கேக்குறேன்."

அவன் அடுத்த சாக்கை இழுத்துப் போட்டான். என் பையில் ஒரு பிரதி இருந்தது. அதை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தேன். "இங்கிலீஷுக்காவது வழி விடு. அப்பா பேரு வெளிய வரணும்னு ஆசப்பட்டவன் நீதான்" என்றேன். அவன் புத்தகத்தைத் தொடவில்லை. நான் தெரு திரும்பும்வரை அது அப்படியே சாக்கின் மேல் கிடந்தது.

டெல்லிப் பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. அந்த எடிட்டர் நாவலை மறுபடி ஒருமுறை படித்தாராம். மகள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்து படிக்கும்போது வேறு நாவலாக இருக்கிறது என்றும், தங்களுக்கு இன்னும் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஒரே நிபந்தனை: அந்த வாரத்துக்குள் மூன்று கையெழுத்தும் வேண்டும், இல்லையென்றால் தங்கள் பட்டியலில் அந்த இடத்துக்கு வேறு புத்தகம் போய்விடும். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எம் மக படிச்சுட்டா" என்றாள். "ரெண்டு நாளு என்னோட பேசல. அப்புறம் வந்து, அம்மா, இந்தப் புள்ள உங்க மாதிரியே பேசுதுன்னா. அந்தப் புள்ள பேசுற எடமெல்லாம் நான் பேசுனதுதான்டி. ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருந்திருக்காரு மனுசன். படிக்கிறவுக படிக்கட்டும். சினிமா மட்டும் எப்பவும் வேணாம். தண்ணியில என்னைத் தூக்குறத ஊரு கூடி உக்காந்து பாக்க வேணாம். அத எழுதிக் குடுத்தா நான் போடுறேன்."

ஏஜென்சியில் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். அவள் போட்டாள், இப்போதைய பேரில். அந்தத் தாளை அவள் மகள் பஸ்ஸில் வந்து கடையில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் போட்டேன். அண்ணனுக்குச் செய்தி சொன்னேன். வியாழன் போனது. வெள்ளிக்கிழமை ஏஜென்சிப் பெண் காலையிலும் மதியமும் கூப்பிட்டார். அண்ணன் இன்னும் வரவில்லை என்றேன். முதலாளி இருக்கும்போது கணக்கைத் தப்பாகக் கூட்டி இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

கடை சாத்தும் நேரத்துக்கு அண்ணன் வந்தான். வத்தல் லோடு ஏற்றிவிட்டு வந்தவன், சட்டையெல்லாம் செம்பொடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கல்லாப்பெட்டிப் பலகையில் தாளை வைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அக்கா கையெழுத்துப் போட்டிருந்த இடத்தைப் பார்த்தான்.

"இதான் அவ பேரா இப்ப?"

"ஆமாண்ணே."

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது. பிறகு அதற்குக் கீழே தன் பேரை எழுதினான். அவன் கையெழுத்து எப்போதும் பெரிதாக இருக்கும். அன்று சின்னதாக எழுதினான். நாவலைப் படித்தானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டீ வேண்டாம், பஸ்ஸு போயிரும் என்று இறங்கிவிட்டான்.

ஏஜென்சியின் பட்டியல் சந்தைக்கு முந்தின வாரம் வெளியானது. சமீபத்தில் விற்ற உரிமைகள் என்று அவர்கள் தளத்தில் போட்டிருந்தார்கள். கன்னடத்துக்குப் போகும் ஒரு நாவல், ஒரு சமையல் புத்தகம், சிறுவர் கதைகள் இரண்டு, அவற்றுக்கு நடுவே அப்பாவின் பேர். துக்கம் பற்றிய அந்த வரி இல்லை. கடைசியில் சினிமா உரிமை விற்பனைக்கு இல்லை என்று ஒரு வரி இருந்தது. அதை அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் எங்கள் சித்தப்பா போன் செய்து, "ஒங்க அண்ணன் எல்லாருக்கும் அனுப்பியிருக்கான், என்ன இது, அப்பாவுக்கு அவார்டா?" என்று கேட்டார்.

அண்ணனும் அக்காவும் இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. பார்ப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீரசோழன் போகிறேன். நாவலை மொழிபெயர்க்கிறவர் மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியை. நாவலில் வரும் மகள் பேசும் இடங்களில் நிறையச் சந்தேகம் வருகிறது அவருக்கு. சாடையாகச் சொல்வது எது, கோபமாகச் சொல்வது எது என்று கேட்பார். முதலில் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், சில இடங்களில் எனக்கும் தெரியவில்லை. அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அவர் நேரே அவளிடம்தான் பேசுகிறார். போன வாரம் ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம்.